வீட்டைப் பற்றி இரண்டு நிமிடம்: ஆங்கிலப் பரீட்சையும் இழந்த பாடவேளைகளும்

கொள்ளுப்பிட்டியில் ஐ.ஈ.எல்.ரி.எஸ். பரீட்சை எழுத இரண்டாவது தடவையாகப் போன அன்று, வெளியே காத்திருந்தவர்களில் பலர் தமிழில் பேசிக்கொண்டிருந்தார்கள். வவுனியாவிலிருந்து இரவு பஸ்ஸில் வந்த ஒரு தம்பி, வெள்ளவத்தையில் உறவினர் வீட்டில் தங்கியிருந்த ஒரு தாதி, அவுஸ்திரேலியாவில் படிக்க விண்ணப்பித்த இரண்டு பிள்ளைகள். எல்லோர் கையிலும் கடவுச்சீட்டு. ஆங்கிலத்தின் மீதுள்ள விருப்பத்தால் யாரும் வந்ததாகத் தெரியவில்லை.

2022 ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக அரசு அறிவித்த பிறகு, வெளியேறுவது பற்றிய பேச்சு இல்லாத வீடு குறைவு. ஆனால் வெளியேறும் வாசல் உயர்ந்துகொண்டே போகிறது. மாணவர் விசாவுக்கான புள்ளியை அவுஸ்திரேலியா 2024 மார்ச் 23 முதல் 5.5இலிருந்து 6 ஆக்கியது. பிரித்தானியா திறன்சார் தொழிலாளர் விசாவுக்குப் புதிதாக விண்ணப்பிப்போரிடம் 2026 ஜனவரி 8 முதல் பி1இற்குப் பதிலாக பி2 மட்டத்தைக் கேட்கிறது. ஒவ்வொரு பகுதியிலும் 4 போதுமாக இருந்த இடத்தில் இப்போது 5.5 வேண்டும். பெறுபேறும் பொதுவாக இரண்டு வருடங்களுக்கே செல்லும். அலுவல் இழுபட்டால் மறுபடியும் கட்டணம், மறுபடியும் பரீட்சை.

வகுப்புக்கும் பரீட்சைக்கும் சேர்த்துக் கட்டப் பணம் இல்லாததால் நான் தனியாகவே படித்தேன். பத்திரிகையாளர் என்ற நினைப்பில் முதல் தடவை எழுத்துப் பகுதியை அலட்சியமாக எடுத்தேன். அதில்தான் விழுந்தேன். நீண்ட முன்னுரை, ஒரு பழமொழி, கடைசியில் மெதுவாகக் கருத்து என்ற பாடசாலைக் கட்டுரைப் பழக்கம் எனக்குள் இருந்தது. பரீட்சகர் தேடுவது கேட்ட கேள்விக்கு நேரடியான நிலைப்பாடு, பந்திக்கு ஒரு காரணம், ஓர் உதாரணம். ஒரு மணித்தியாலத்தில் எழுதவேண்டிய இரண்டில், 250 சொற்கள் கேட்கும் இரண்டாவதற்கு, 150 சொற்கள் கேட்கும் முதலாவதைவிட இருமடங்கு மதிப்பு. அது தெரியாமல் முதலாவதிலேயே நேரத்தைக் கரைத்திருந்தேன். கேட்டல் பகுதியில் ஒலிப்பதிவு ஒரே தடவைதான் ஒலிக்கும். அங்கும் வாசிப்பிலும் பிழையான விடைக்குப் புள்ளி கழிப்பதில்லை என்பதால் எதையும் வெறுமையாக விடக்கூடாது. இவற்றை மணிக்கூட்டை முன்னால் வைத்து மூன்று மாதம் பழகினேன்.

பேச்சுப் பகுதியைத் தனியாகப் படிக்க முடியாது. கொட்டாஞ்சேனைத் தங்கச்சி ஒருத்தி மாலை வேளைகளில் எனக்குப் பரீட்சகராக இருந்தாள். ஓர் அட்டை தருவார்கள். ஒரு நிமிடம் யோசிக்கலாம். பிறகு இரண்டு நிமிடம் வரை பேசவேண்டும். ஒருநாள் அவள் எடுத்த தலைப்பு: சிறுவயதில் நீங்கள் வாழ்ந்த வீடு.

நான் எதைச் சொல்வது? கிளிநொச்சியில் விட்டுவந்த வீட்டையா, தருமபுரத்தில் மாமரத்தின் கீழ் கட்டிய தறப்பாளையா, 2009இல் உயர்தரத்துக்குப் படித்த மெனிக் பாம் கூடாரத்தையா? வாய் திறக்கவில்லை.

"அக்கா, இப்படி நின்டுட்டா புள்ளிய குறைச்சிடுவாங்க."

அவள் சொன்னது சரி. சரளமும் கோர்வையும், சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு என்று பேச்சுக்கு நான்கு அளவுகோல்கள். ஏன் தயங்கினார் என்பதற்கு அதில் இடமில்லை. ஆனால் சொல்வது உண்மையா என்றும் பரீட்சகர் பார்ப்பதில்லை. ஆகவே எனக்கென்று ஒரு வீட்டைத் தயாரித்தேன். திண்ணை, கிணறு, பின்னால் ஒரு தென்னை. அந்த வீட்டில் யாரும் காணாமல் போகவில்லை. தனியாகப் படிப்பவர்களுக்கு நான் சொல்வதும் இதுதான்: உங்களைக் கலங்கவைக்கும் தலைப்புகளுக்கு ஒரு பதிலை முன்கூட்டியே வைத்திருங்கள்.

பரீட்சையை நான் குறை சொல்லவில்லை. அது எல்லோரையும் ஒரே கோலால் அளக்கிறது. எல்லோரும் ஒரே இடத்திலிருந்து புறப்படவில்லை என்பதுதான் பிரச்சினை. 1956 தனிச்சிங்களச் சட்டத்தோடு ஆங்கிலம் ஆட்சிமொழி என்ற இடத்திலிருந்து இறங்கியது. வசதியானவர்களின் வீட்டிலிருந்து இறங்கவில்லை. சிங்கள இளைஞர்கள் அதைக் 'கடுவ', அதாவது வாள், என்று அழைத்ததில் அந்தக் கோபம் இருக்கிறது. 1987இல் 13ஆவது திருத்தம் தமிழையும் ஆட்சிமொழியாக்கி, ஆங்கிலத்தை இணைப்புமொழி என்றது. அந்த இணைப்புமொழியைக் கற்பிக்க என் பாடசாலையில் ஆசிரியர் இருந்த தவணைகளைவிட இல்லாத தவணைகளே அதிகம். 2008இல் பாடசாலையே எங்களோடு இடம்பெயர்ந்தது.

இரண்டாவது தடவை 7 எடுத்தேன். 'முயன்றால் முடியும்' என்ற கதையாக அதை யாரும் ஆக்கவேண்டாம். அரசு எனக்குத் தரவேண்டியிருந்த பாடவேளைகளை முப்பத்தைந்து வயதில் என் காசில் வாங்கியிருக்கிறேன், அவ்வளவுதான்.

வாங்க முடியாதவர்களுக்கு என்ன செய்வது? புலம்பெயர்ந்த பழைய மாணவர்கள் நுழைவாயில் வளைவு கட்டும் பணத்தில் ஓர் ஆங்கில ஆசிரியருக்கு ஒரு வருடச் சம்பளம் கொடுக்கலாம். பிரதேச சபை நூலகங்கள் பயிற்சிப் புத்தகங்களையும் ஒலிப்பதிவுகளையும் வாங்கி வைக்கலாம். ஆசிரியர் வெற்றிடங்களைப் பற்றிப் பெற்றோர் வலயக் கல்வி அலுவலகத்திடம் எழுத்தில் கேட்கலாம்.

வவுனியாத் தம்பி ஒருவேளை போய்விடுவான். அவனுடைய தங்கச்சி ஒன்பதாம் தரத்தில் படிப்பதாகச் சொன்னான். அவளும் போகத்தான் வேண்டும் என்றில்லை. இந்த வாரம் அவளுக்கு ஆங்கிலப் பாடம் நடந்ததா என்று கேட்பதிலிருந்து நாம் தொடங்கலாம்.