மலைவீடுகளின் முழுக்கதை

கோடை வந்துவிட்டால் சமவெளி மக்களின் கண்கள் மலைகளை நோக்கித் திரும்புகின்றன. உதகையிலும் குன்னூரிலும் கோடைக்கானலிலும் பழைய பங்களாக்கள் பல இன்று விருந்தினர் இல்லங்களாகத் திகழ்கின்றன. ஓட்டுக் கூரை, கணப்படுப்பு, மரத்தளம், ரோஜாத் தோட்டம் ஆகியவற்றோடு 'இது நூற்றாண்டு கண்ட வீடு' என்னும் பெருமையும் அங்கே தங்குவோருக்குக் கிடைக்கிறது. கூடவே ஒரு கதையும் சொல்லப்படுகிறது. இன்ன துரை கட்டினார், இன்ன ஆளுநர் தங்கினார், இன்ன மன்னர் விலைக்கு வாங்கினார் என்பதோடு அக்கதை பெரும்பாலும் நின்றுவிடுகிறது. பாதிக் கதையைக் கேட்டு முழுக்கதை அறிந்ததாக எண்ணி மலையிறங்குவது முறையாகுமா என்பதே நாம் ஈண்டு எழுப்ப விரும்பும் வினா.

கல் பங்களா

நீலகிரியின் பங்களா வரலாறு, கோயம்புத்தூர் மாவட்ட ஆட்சியராக இருந்த ஜான் சல்லிவனிடம் தொடங்குகிறது எனலாம். 1819-இல் மலையேறிய அவர், கோத்தகிரியை அடுத்த திம்பட்டியில் ஒரு வீடு கட்டினார். கன்னேரிமுக்கு என்னும் சிற்றூரில் உள்ள அவ்வீடு நெடுங்காலம் சிதைந்து கிடந்து, பின்னர் சீரமைக்கப்பட்டு நினைவகமாக விளங்குகிறது. 1822-இல் அவர் உதகையில் கட்டத் தொடங்கிய வீடு கல்லால் ஆனது. ஆதலால் மலைமக்கள் அதனைக் 'கல் பங்களா' என்றனர். 'ஸ்டோன் ஹவுஸ்' எனப் பெயர் பெற்ற அவ்வீடு இன்று உதகை அரசு கலைக் கல்லூரி வளாகத்தில் உள்ளது. ஓய்வுக்காக எழுந்த இல்லம் கல்விக்கு இடமாக மாறியது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தியே.

ஆயினும் அந்நிலம் யாருடையது? தொதவர்கள் தம் எருமைகளை மேய்த்து வந்த புல்வெளி அது. ஏக்கருக்கு ஒரு ரூபாய் என்ற விலையில் சல்லிவன் அவர்களிடமிருந்து நிலம் பெற்றார் என்பது வரலாறு. 'அவ்வளவு மலிவா!' என்று வியந்து நாம் சிரித்துவிட்டுக் கடந்துவிடுகிறோம். காடும் மேய்ச்சலும் தெய்வமும் ஒன்றெனக் கருதி வாழ்ந்த ஒரு சமூகத்துக்கு 'விற்றல்' என்னும் சொல் என்ன பொருள் தந்திருக்கும் என்று எண்ணிப் பார்ப்பவர் சிலரே. அதேவேளையில், மலைநிலம் தொதவருக்கே உரியது என்று தம் அரசோடு பல்லாண்டு வாதிட்டவரும் அதே சல்லிவன்தான். 1838-இல் தம் மனைவியையும் மூத்த மகளையும் அடுத்தடுத்து இழந்து, உதகை புனித ஸ்டீபன் ஆலயக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தவரும் அவரே. அவரை வள்ளலாக மட்டும் காட்டுவதும் கொள்ளையராக மட்டும் காட்டுவதும் எளிது. முழுக்கதையோ அவ்விரண்டுக்கும் இடையே நிற்கிறது.

பெயருக்குள் மறைந்த ஊர்

மொழி பயில்வோர் கருத வேண்டிய செய்தி ஒன்றும் இங்குண்டு. தொதவர் தம் குடியிருப்பை 'மந்து' என்பர். ஆங்கிலேயர் எழுதிய 'ஊட்டகமண்ட்' என்னும் பெயரின் ஈற்றில் நிற்பது அம்மந்தே. அது நம் நாவில் 'மண்டலம்' ஆயிற்று. 'உதகமண்டலம்' செவிக்கு இனிய பெயர்தான். ஆனால் அவ்வினிமைக்குள் ஒரு சிற்றூர் மறைந்துவிட்டது. ஜோத்பூர் மன்னர் குடும்பத்துக்கு உரியதாயிருந்த அரன்மோர் மாளிகை, இன்று 'தமிழகம்' என்னும் பெயரில் அரசு விருந்தினர் மாளிகையாக உள்ளது. பெயர் மாறுவது காலத்தின் இயல்பு. பழைய பெயரின் கதையும் புதுப்பெயரோடு சேர்த்துச் சொல்லப்பட வேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.

நோயும் ஓய்வும்

கோடைக்கானலின் கதை வேறு வகையானது. அங்கு வீடு எழக் காரணம் இன்பச் சுற்றுலா அன்று, மரண அச்சம். மதுரைப் பகுதியில் பணியாற்றிய அமெரிக்கக் கிறித்தவ மறைப்பணியாளர்களையும் அவர்தம் குழந்தைகளையும் காய்ச்சலும் காலராவும் வாட்டின. முதலில் அவர்கள் சிறுமலையில் இடம் தேடினர். காய்ச்சல் அங்கும் விடவில்லை. பின்னர்ப் பழனி மலைமேல் ஏறி, 1845-இல் 'சன்னிசைடு', 'ஷெல்டன்' என்னும் இரு வீடுகளை அமைத்தனர். இன்று நாம் பொழுதுபோக்கச் செல்லும் ஊர், அன்று உயிர் பிழைக்க ஓடிய மனிதரின் புகலிடமாகத் தொடங்கியது. அதே காய்ச்சலால் வாடிய சமவெளி ஏழைகளுக்கு ஏறிச்செல்ல மலைவீடு ஏது என்ற வினாவும் உடன் எழுகிறது அன்றோ!

ஒரு கட்டடத்தின் கதைக்குள் மற்றொரு கட்டடத்தின் கதை புதைந்திருப்பதும் உண்டு. 1830-இல் திருநிலைப்படுத்தப்பட்ட புனித ஸ்டீபன் ஆலயத்தின் உத்தரங்கள், சீரங்கப்பட்டினத்தில் இருந்த திப்பு சுல்தானின் லால் பாக் அரண்மனையிலிருந்து கொண்டுவரப்பட்டவை. 1799-இல் வீழ்ந்த ஒரு மன்னரின் மாளிகை மரங்கள், அவரை வென்றவர்களின் வழிபாட்டுக் கூரையைத் தாங்கி நிற்கின்றன. அம்மரங்கள் மலையேறிய வழியில் யானைகளும் மனிதர்களும் பட்ட பாடு எத்தகையது! மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை இருப்புப்பாதை வந்தது 1899-இல்தான்; உதகையை அது எட்டியது 1908-இல். அதற்கு முன் எழுந்த ஒவ்வொரு வீட்டின் கண்ணாடிச் சன்னலும் இரும்புக் கட்டிலும் மாட்டின் கழுத்தையோ மனிதனின் தோளையோ நம்பியே மேலேறின.

ஏட்டில் ஏறாதவர்கள்

உதகையின் பழைய வீடுகளைப் பற்றி ஆங்கிலத்தில் நூல்கள் இல்லாமல் இல்லை. 1908-இல் வெளிவந்த பிரெடரிக் பிரைசின் உதகை வரலாறு, எந்த வீடு எவர் கையிலிருந்து எவர் கைக்கு மாறியது என்று பொறுமையோடு விவரிக்கிறது. ஆனால் அக்கைகள் பெரும்பாலும் அதிகாரிகளின் கைகள். கல் உடைத்தவர், சுமை தூக்கியவர், சமைத்தவர், ஆண்டில் பல மாதம் பூட்டிக் கிடந்த வீட்டைக் குளிரில் காத்த காவலர் ஆகியோர் ஏட்டில் ஏறவில்லை. அவர்களுடைய கதைகள் பேரப்பிள்ளைகளின் வாய்மொழியில் மட்டுமே எஞ்சியுள்ளன. அவ்வாய்மொழியையும் எழுதி வைக்காமல் விட்டுவிட்டால், அவ்விடத்தைப் பேய்க்கதைகள் பிடித்துக்கொள்கின்றன. வெள்ளுடை அணிந்த துரைசாணி நள்ளிரவில் நடமாடுகிறாள் என்று சொல்லிச் சுற்றுலாப் பயணியை மகிழ்விப்பது எளிது. உண்மையில் வாழ்ந்து உழைத்தவரை மறந்துவிட்டு, இல்லாத ஆவியை நினைவில் நிறுத்துவது என்ன நீதி?

பிறர் செய்தது

இங்கிலாந்தில் 1965-இல் சர் ஜான் ஸ்மித்தும் அவர்தம் துணைவியார் கிறிஸ்டியனும் 'லேண்ட்மார்க் அறக்கட்டளை'யைத் தோற்றுவித்தனர். இடிந்து அழியும் நிலையில் உள்ள பழங்கட்டடங்களைச் செப்பனிட்டு, விடுமுறைக்குத் தங்குவோருக்கு வாடகைக்கு விட்டு, அவ்வருவாயைக் கொண்டே அவற்றைப் பேணுவது அதன் வழிமுறை. சிறு குடில் முதல் கோட்டை வரை சுமார் 200 கட்டடங்கள் அதன் பொறுப்பில் உள்ளன. ஒவ்வோர் இல்லத்திலும் அக்கட்டடத்தின் வரலாற்றைக் கூறும் தொகுப்பேடு ஒன்று வைக்கப்பட்டிருக்கிறது. தங்கியவர் தம் அனுபவத்தை எழுதிச் செல்லக் குறிப்பேடும் உண்டு. வீடு வருவாய் ஈட்டுகிறது, வரலாறும் வளர்கிறது. இம்முறையை நம் மலைவீடுகள் ஏற்பதில் பெருஞ்செலவு ஏதுமில்லை. வேண்டுவது மனமே.

'ஓய்வுக்காக வருபவனிடம் பழந்துயரை எதற்குச் சொல்ல வேண்டும்?' என்று சிலர் கேட்கக்கூடும். விருந்தினரை வருத்துவது நம் நோக்கமன்று. தாம் உறங்கும் கூரையைத் தாங்கியவர் யாவர் என்று அறிந்தவர், அங்கே கூடுதல் அடக்கத்தோடும் நன்றியோடும் தங்குவர். குப்பையை எறியவும் சுவரில் பெயர் கீறவும் அவர் கை தயங்கும். 'அடிமைக்காலச் சின்னங்களை இடித்துத் தள்ளினால் என்ன?' என்று வேறு சிலர் கேட்பர். இடித்துவிட்டால் ஆண்டவரின் பெயரோடு உழைத்தவரின் சுவடும் அழிந்துபோகும். அக்கற்களை அடுக்கிய கைகள் நம்மவர் கைகள் அல்லவா?

ஆதலின் நம் மாணவர்க்கு ஒன்று கூற விழைகிறோம். கல்விச் சுற்றுலா செல்லும்போது ஒளிப்படக் கருவியோடு ஒரு குறிப்பேட்டையும் எடுத்துச் செல்லுங்கள். பழைய வீடு ஒவ்வொன்றிடமும் மூன்று வினாக்களைக் கேளுங்கள். இந்நிலம் முன்பு யாருடையது? இதைக் கட்டிய கைகள் யாவை? உரிமையாளர் இல்லாத மாதங்களில் இதைக் காத்தவர் யார்? விடையை முதிய தோட்டக்காரரும் சமையற்காரரும் மந்தின் பெரியவரும் சொல்வர். நாட்டார் வழக்காற்றியல் பயிலும் தமிழ்த்துறை மாணவர்க்கு இதனினும் சிறந்த களம் வேறு எது? சமுதாயப் பெரியவர்களில் மலையகத்தில் இல்லமோ விடுதியோ உடையவர்கள், தம் வரவேற்பறையில் ஆங்கிலப் பெயர்ப்பலகைக்கு அருகே தமிழில் அவ்வில்லத்தின் முழுக்கதையை ஒரு தாளிலேனும் எழுதி வைக்க முன்வர வேண்டும்.

சொல்லத் தெரிந்த முதியவர்கள் ஆண்டுதோறும் குறைந்து வருகிறார்கள். கற்சுவர்கள் இன்னும் ஒரு நூற்றாண்டு நிற்கக்கூடும், அவர்கள் நில்லார். அடுத்த கோடை வருமுன் இப்பணியைத் தொடங்குவோமாக!