பணி நிறுத்தமா, பனி நிறுத்தமா?

மஸ்கெலியா டவுன் சுவர்களில் தமிழுக்குக் குறைவே இல்லை. கோயில் திருவிழா, டியூஷன் வகுப்பு, தொழிற்சங்கக் கூட்டம், மரண அறிவித்தல் எல்லாம் தமிழில்தான். ஆனால் தலைப்பு வரியைப் பாருங்கள். ஊதிப் பெருத்து, காத்தடிச்ச வேலி மாதிரி வலப்பக்கம் சரிஞ்சு நிற்கும். போல்ட் ஒரு தட்டு, இடாலிக் ஒரு தட்டு, வேலை முடிஞ்சது. "எடுப்பா இருக்கட்டும்"னு செய்கிறார்களாம். எடுப்பாக இல்லை, வாசிக்கவே முடியவில்லை என்பதுதான் எங்கள் சண்டை.

தடித்து, சாய்ந்து, நுனியில் சின்னக் கால் வைத்த ஆங்கில எழுத்துக்கு ஒரு குணம் உண்டு. உரக்கப் பேசும், கொஞ்சம் அவசரமாகவும் பேசும். கடைப் பலகையில் ஒரு சொல், சஞ்சிகை அட்டையில் ஒரு தலைப்பு என்றால் அழகுதான். அந்த அழகு பட்டனில் பிறக்கவில்லை. 1501-இல் வெனிஸில் ஆல்டஸ் மனூஷியஸ் வெளியிட்ட புத்தகத்துக்கு பிரான்செஸ்கோ கிரிஃபோ வெட்டிக் கொடுத்த சாய்வெழுத்து, அந்தக் காலக் கையெழுத்தைப் பார்த்து வெட்டியது. நேர் எழுத்தைப் பிடிச்சுத் தள்ளிவிட்டது இல்லை. அதனால்தான் இன்றைக்கும் நல்ல இடாலிக்கில் சின்ன 'ஏ'யின் உருவமே மாறிவிடும்.

தமிழில் அந்த வேலையை யாரும் செய்யாமல் கம்ப்யூட்டரிடம் விட்டால் என்ன ஆகும்? நேராக நிற்க வேண்டிய 'ட'வும் 'ப'வும் விழப்போகிற மாதிரி நிற்கும். தடிப்பு கூடக்கூட சுழிகளுக்குள் மை அடைக்கும். புள்ளி எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். மூணு சுழி 'ண'வா, ரெண்டு சுழி 'ன'வா என்று தெரியாது. 'பணி நிறுத்தம்' என்று போட்ட நோட்டீஸ் தூரத்தில் 'பனி நிறுத்தம்' ஆகிவிடும். மஸ்கெலியாவில் பனியை யாரால நிறுத்த முடியும்?

சிரிச்சிட்டுப் போகலாம்தான். ஆனால் அந்த நோட்டீஸ் யாருக்கு? மலையில் வேலை முடிஞ்சு, கொழுந்து நிறுத்துக் கொடுத்துட்டு, மங்கின வெளிச்சத்தில் எழுத்துக்கூட்டி வாசிக்கிற அம்மாக்களுக்கு. சம்பளம், இபிஎஃப், கூட்டம் நடக்கிற நாள் என அவர்களுக்குக் கட்டாயம் தெரிய வேண்டிய வரிகளைத்தான் தேடித்தேடிச் சாய்க்கிறோம். முக்கியமானதை முதலில் கெடுப்பது என்ன அலங்காரம்?

தமிழ் சாயவே கூடாதுன்னு நாங்க சொல்லல. நம்ம கையெழுத்தே சாயுதே! இலங்கையரான தாரிக் அஸீஸ் வடிவமைத்த 'கவிவாணர்' எழுத்துருவைப் பாருங்கள். அதில் தமிழ் எழுத்து கையெழுத்தின் ஓட்டத்தோடு சாய்கிறது, ஏனென்றால் ஒரு மனிதர் உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்தாக வரைந்திருக்கிறார். கூகுள் ஃபொண்ட்ஸில் இலவசமாகவே கிடைக்கிறது.

ஆகவே தலைப்பு சாய வேண்டுமென்றால், சாய்வாகவே வரைந்த எழுத்துருவை எடுங்கள். அது இல்லையா, நேராகவே விடுங்கள். அளவைக் கூட்டுங்கள், நிறத்தை மாற்றுங்கள், சுற்றி வெள்ளை இடம் விடுங்கள். எங்கள் சங்கங்களும் கோயில் கமிட்டிகளும் மன்றங்களும் அச்சுக்குக் காசு கொடுக்கும் முன்னால், மாதிரித் தாளைச் சுவரில் ஒட்டி, பத்தடி தள்ளி நின்று ஒருமுறை வாசித்துப் பார்க்கட்டும். வாசிக்க முடியாத தமிழை எவ்வளவு ஒட்டினாலும் அது வெறும் சுவர்தான்.