பேயுமல்ல, பித்துமல்ல!

தெருத் திண்ணையிலே ஒருவர் அமர்ந்திருக்கிறார். வாயில் வெற்றிலை இல்லை, வாய் மெல்லுகிறது! நாக்கு வெளியே வருகிறது, உள்ளே போகிறது. விரல்கள், இல்லாத நூலைத் திரிக்கின்றன. சிறுவர் சிரிக்கின்றனர். "பித்து முற்றிவிட்டது" என்கிறார் ஒருவர். "பேய் பிடித்திருக்கிறது, பூசாரியை அழையுங்கள்" என்கிறார் இன்னொருவர். வேலை கேட்டுப் போனால், மேஸ்திரி முகத்தைப் பார்த்தே திருப்பி அனுப்புகிறார்.

பித்தா? அல்ல! அவர் சித்தம் தெளிந்து ஆண்டு பல ஆயிற்று. பேயா? அறவே அல்ல! மனநோய் தீர அவர் விழுங்கிய மருந்து விட்டுச்சென்ற வடு அது, தோழர்களே!

மருந்தைப் பழிக்க நாம் பேனா எடுக்கவில்லை. 1952இல் பாரிஸ் நகரிலே டிலே, டெனிக்கர் எனும் மருத்துவர் இருவர், குளோர்புரோமசின் எனும் மருந்தை மனநோயாளருக்குத் தந்தனர். அலறல் அடங்கிற்று, அடைபட்டுக் கிடந்தோர் வீடு திரும்ப வழி பிறந்தது. மருந்தை மறந்து சங்கிலியை நம்பினால் என்னாகும்? 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் தீ மூண்டபோது, கட்டுண்டு கிடந்த மனநோயாளர் 25 பேருக்கு மேல் கருகி மாண்டனரே! மருந்து வேண்டும், ஐயமில்லை.

ஆனால், நெல்லோடு பதரும் வந்தது. 1957இலேயே ஜெர்மன் மருத்துவர் ஷோனெக்கர், இம்மருந்து உண்டவர்களின் வாயும் உதடும் தாமாக அசைவதைக் கண்டு எழுதினார். 1964இல் டென்மார்க் மருத்துவர்கள் பெயரிட்டனர்: டார்டிவ் டிஸ்கைனீசியா. காலந்தாழ்ந்து வரும் அசைவுக் கோளாறு என்று பொருள்.

மூளையிலே டோபமின் எனும் பொருள் செய்தி சுமந்து செல்கிறது. மருந்து, அது நுழையும் வாயிலை அடைக்கிறது. ஆண்டுக்கணக்கில் அடைத்தே வைத்தால், வாயில் கூருணர்வு கொண்டுவிடுகிறது. சிறு செய்திக்கும் தசை துள்ளுகிறது. மருத்துவர்கள் பெரிதும் கூறும் விளக்கம் இது. முதியோருக்கும் பெண்களுக்கும் ஆபத்து அதிகம். வாந்தியை நிறுத்தத் தரும் மெட்டோகுளோபிரமைடு மாத்திரையும் நெடுநாள் உண்டால் இதே வேலையைச் செய்யும். இன்னொன்றும் கேளுங்கள்: கைநடுக்கம் போகத் தரும் டிரைஹெக்சிபெனிடில், இந்தக் கோளாறை மிகுதியாக்கவும் கூடும்!

அப்படியானால், மாத்திரையைத் தெருவில் வீசுவதா? கூடாது, கூடவே கூடாது! திடீரென நிறுத்தினால் அசைவும் மிகும். பழைய நோயும் படையெடுத்து வரும். மருத்துவரிடம் செல்லுங்கள். வாயைத் திறந்து, நாக்கை நீட்டி, கைகளை நீட்டி, நாலடி நடந்து காட்டினால், பத்து நிமிடத்தில் சோதித்துவிடலாம். அளவைக் குறைக்கலாமா, மருந்தை மாற்றலாமா என்பதை அவர் முடிவு செய்யட்டும். 2017இல் இந்தக் கோளாற்றுக்கென்றே இரண்டு மருந்துகள் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றன. தொடக்கத்தில் கண்டால் தணியும் வாய்ப்பு உண்டு; காலம் கடத்தினால் நிலைத்துவிடவும் கூடும்.

அதே 2017இல் இந்திய நாடாளுமன்றம் இயற்றிய மனநலப் பராமரிப்புச் சட்டம், தனக்குத் தரப்படும் சிகிச்சையின் பக்கவிளைவுகளை அறியும் உரிமையை நோயாளிக்கு வழங்கியிருக்கிறது. சலுகை அல்ல, சட்டம்! பிறகு ஏன், நீண்ட வரிசையில் நின்று பெறும் மாத்திரைப் பொட்டலத்தோடு ஒரு வார்த்தை எச்சரிக்கை வருவதில்லை? ஏழைக்கு உடல் இல்லையா? உழைப்பாளிக்கு முகம் இல்லையா? கேட்கிறோம், நீங்களும் கேளுங்கள்! "இந்த மருந்து என்ன செய்யும், ஐயா? ஆறு மாதத்துக்கொருமுறை சோதித்துப் பார்ப்பீர்களா?" இந்த இரண்டு கேள்விகளைக் கேட்கப் பட்டம் வேண்டியதில்லை, துணிவு போதும்.

திண்ணையைச் சுற்றிச் சிரிக்கும் சிறுவர்களை அருகே அழையுங்கள், தோழர்களே! சொல்லுங்கள் அவர்களிடம்: அவர் சிரிப்புக்குரியவர் அல்லர், சிகிச்சைக்குரியவர். சொல்லிவிட்டு, அவர் கையைப் பற்றி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். பூசாரி வீட்டுக்கல்ல!