எந்தக் கையில், சகலை?

ராத்திரி பன்னிரண்டரை மணிக்குப் போன் அடித்தால் அதற்கு இரண்டே அர்த்தம்தான். ஒன்று, ஊரில் யாரோ பெரிசு போய்விட்டது. இரண்டு, லண்டனில் இருக்கும் என் சகலைக்கு இங்கே மணி எத்தனை என்பது மறந்துவிட்டது. போன மாசம் வந்தது இரண்டாவது ரகம்.

"அண்ணே, கம்பியைக் காணோம்!"

தூக்கக் கலக்கத்தில் ஜன்னல் கம்பி என்று நினைத்து, "போலீஸ்ல சொன்னியா?" என்றேன்.

"ஐயோ, அந்தக் கம்பி இல்லண்ணே. அவ கையில வெச்சிருக்கிற கம்பி!"

விஷயம் இதுதான். கர்ப்பத்தடைக்காகக் கையில் தோலுக்கு அடியில் ஒரு சின்னக் குச்சி வைக்கிறார்கள். நீளம் 4 சென்டிமீட்டர், தடிமன் 2 மில்லிமீட்டர். கிட்டத்தட்ட ஒரு தீக்குச்சி. கம்பி என்று சகலை சொன்னாலும் இரும்பு கிடையாது. வளைந்து கொடுக்கும் பிளாஸ்டிக். உள்ளே 68 மில்லிகிராம் ஹார்மோன். அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவிட்டு மூன்று வருஷம் காவல் காக்கும். பிரிட்டனில் அரசு மருத்துவத்தில் இலவசம்.

அன்றைக்கு என் மைத்துனி குளித்துவிட்டுக் கையைத் தடவிப் பார்த்திருக்கிறாள். ஒன்றும் தட்டுப்படவில்லை. அவ்வளவுதான். சகலை அரை மணி நேரத்தில் இன்டர்நெட்டில் பாதி டாக்டராகிவிட்டான்.

"நரம்புல குத்துமாம்ணே. ரத்தக் குழாய்க்குள்ள பூந்துட்டா நுரையீரல் வரைக்கும் போயிருமாம்ணே."

குரல் நடுங்கியது. எனக்கும் தூக்கம் போய்விட்டது. ஏனென்றால் அது புரளி இல்லை. மிக மிக அபூர்வம், ஆனால் நடந்திருக்கிறது. பிரிட்டனின் மருந்துக் கண்காணிப்பு அமைப்பே 2016-ல் இதைப் பற்றி டாக்டர்களை எச்சரித்தது.

என் மனைவி போனைப் பிடுங்கினாள். "தம்பி, எந்தக் கையில வெச்சிருக்கு?"

லண்டனில் நிசப்தம்.

"இடது... இல்ல, வலது... இருங்க அண்ணி, கேட்டுட்டு வர்றேன்."

கார் டயருக்கு எவ்வளவு காற்று, கிரெடிட் கார்டுக்கு என்றைக்குக் கடைசி தேதி, எல்லாம் சகலைக்கு மனப்பாடம். பெண்டாட்டி உடம்பில் இருக்கும் பொருள் எந்தக் கையில் என்றால் ஃபைல் இல்லை! நான் வாய்விட்டுச் சிரிக்கப் போனேன். மனைவி திரும்பி, "உங்களுக்கு என் பிளட் குரூப் தெரியுமா?" என்றாள். ஃபேன் நன்றாகச் சுற்றுகிறதா என்று அண்ணாந்து பார்க்க ஆரம்பித்தேன்.

பேச்சை மாற்ற, போனை வாங்கி, பி.காம். படித்தவன் கேட்கக்கூடிய ஒரே கேள்வியைக் கேட்டேன். "வவுச்சர் இருக்கா?"

இருந்தது. குச்சி வைத்ததும் ஒரு அட்டை தருவார்கள். என்றைக்கு வைத்தது, எந்தக் கை, என்றைக்கு எடுக்க வேண்டும் எல்லாம் அதில் எழுதியிருக்கும். மேஜை டிராயரில் கிடைத்தது. இடது கை. வலது கைக்காரர்களுக்கு இடது கையில்தான் வைப்பார்கள்.

மறுநாள் கிளினிக். நர்ஸம்மா மைத்துனியைப் படுக்கச் சொல்லி, இடது கையை மடித்துத் தலைக்கு அடியில் வைக்கச் சொல்லியிருக்கிறார். ஸ்ரீரங்கத்துப் பெருமாள் சயனத் திருக்கோலம்தான். பத்தே செகண்டில் குச்சி அகப்பட்டது! அது எங்கேயும் போகவில்லை. இவர்கள் தேடியதுதான் பழைய அட்ரஸ்.

மைத்துனிக்கு முதல் குச்சி வைத்தது 2018-ல். முண்டாவுக்கும் கையின் பின்சதைக்கும் நடுவே உட்பக்கமாக ஒரு பள்ளம் ஓடுகிறதே, அதற்குப் பக்கத்தில். ஆனால் கைக்குப் போகும் பெரிய ரத்தக் குழாய்களும் முக்கிய நரம்புகளும் அந்த வழியாகத்தான் போகின்றன. குச்சி கொஞ்சம் ஆழமாக இறங்கினால் வம்பு. அதனால் வைக்கும் இடத்தையே மாற்றினார்கள். 2020-ல் பிரிட்டனில் அதற்கு அறிவிப்பு வந்தது. முழங்கையின் உட்பக்க எலும்பிலிருந்து 8 முதல் 10 சென்டிமீட்டர் மேலே, பள்ளத்திலிருந்து 3 முதல் 5 சென்டிமீட்டர் பின்னால் தள்ளி, பின்சதையின் மேல், தோலுக்கு நேர் அடியில். முதல் குச்சியை எடுத்து, பிள்ளை பெற்று, 2024-ல் இரண்டாவது வைத்தபோது அது இந்தப் புது இடத்துக்குக் குடிபோய்விட்டது. இவர்களோ பழைய தழும்பைப் பார்த்துத் தேடியிருக்கிறார்கள்.

நர்ஸம்மா சொல்லி அனுப்பியது எல்லோருக்கும் உதவும். குச்சி வைத்த உடனேயே வைத்தவரும் வைத்துக்கொண்டவரும் தடவிப் பார்த்து உறுதி செய்ய வேண்டும். அப்புறமும் அவ்வப்போது மெதுவாகத் தடவிப் பார்க்கலாம். அழுத்தி விளையாடக் கூடாது. தட்டுப்படாவிட்டாலோ, கை மரத்தாலோ, சுரீர் என்று வலித்தாலோ தாமதிக்காமல் போய்க் காட்ட வேண்டும். குச்சியில் பேரியம் கலந்திருப்பதால் எக்ஸ்ரேயில் தெரியும். ஸ்கேனிலும் தேடலாம். இருக்கும் இடம் தெரியாமல் கத்தி வைக்கவே கூடாது. அது தெரிகிற வரைக்கும் ஆணுறை மாதிரி வேறு ஏற்பாடு வேண்டும். அந்த ஒரு பொறுப்பாவது நம்முடையதாக இருக்கட்டும், நண்பர்களே!

நம் நாட்டிலும் 2023-ல் அரசின் குடும்பநலத் திட்டத்தில் இந்தக் குச்சி சில மாவட்டங்களில் அறிமுகமானது. நாளைக்கு உங்கள் வீட்டுக்கும் வரலாம். வந்தால் பில் கட்டிவிட்டு வராந்தாவில் செல்போன் நோண்டாமல் உள்ளே போய், எந்தக் கை, எந்த இடம் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அவள் கை, அவள் வலி. விலாசமாவது நமக்குத் தெரிய வேண்டாமா?

சகலை இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் போன் செய்கிறான். "இடது கை அண்ணே" என்று கேட்காமலே ஒப்பிக்கிறான்.

என் மனைவி ஓ பாசிட்டிவ். அவளைக் கேட்கவில்லை. பரண் மேல் ஏறி, பழைய பிரசவ ஃபைலைத் தேடி எடுத்துப் பார்த்தேன். வவுச்சர் பார்க்காமல் என்ட்ரி போடக் கூடாது இல்லையா?