ஊர் நடுவே ஒரு வெளி

நடு அமெரிக்காவிலே, குவாத்தமாலா நாட்டின் அன்டிகுவா என்னும் பழம்பதிக்குச் செல்வோர் தவறாது காண்பது அதன் நடுவிலுள்ள சதுக்கமாம். கிழக்கே தேவாலயம், வடக்கே நகரசபை மாளிகை, தெற்கே பண்டை ஸ்பானிய ஆளுநர் அரண்மனை, மேற்கே வணிகர் கடைவரிசை. இடையில் மரநிழலும், 1738-இல் அமைந்த நீரூற்றும். 1773-இல் நேர்ந்த நிலநடுக்கத்தால் அந்நகர் சிதைந்து, தலைநகரும் வேற்றிடம் பெயர்ந்தது. அரசு போயிற்று; சதுக்கம் நின்றது. அந்நகர் எழுந்த பின்னர், 1573-இல் ஸ்பெயின் மன்னன் இரண்டாம் பிலிப் பிறப்பித்த கட்டளைகள் இவ்வழக்கத்தைச் சட்டமாகவே வகுத்தன: நகர் அமைப்போர் முதலிற் சதுக்கத்தை அளந்து, அதனின்றே வீதிகளை வகுத்தல் வேண்டும், அதன் நீளம் அகலத்தில் ஒன்றரை மடங்கேனும் இருத்தல் வேண்டும்.

இஃது அயலார் வழக்கம், நமக்கெதற்கு என்பார் உளர். சதுக்கம் என்னும் சொல் நம் பழைய நூல்களிலேயே உள்ளது. சிலப்பதிகாரத்துப் புகார் நகரில் ஐவகை மன்றங்கள் இருந்தன. பூத சதுக்கம் அவற்றுள் ஒன்று.

ஆயின், இன்றைய திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் மக்கள் கூடுமிடம் யாது? பேருந்து நிலையமே. அது ஊரை விட்டுப் போவோர்க்கு உரிய இடம். ஊரில் இருப்போர்க்கு உரியதன்று. அங்கே சற்று அமர விரும்புவோன் ஒரு குவளைத் தேநீரேனும் வாங்கியாக வேண்டும். புளியங்காடு எனப் பொருள்படும் பெயர் பூண்ட திண்டிவனத்தில், நிழலுக்குக் கடைப்பந்தலை நாட வேண்டியிருப்பதை என்னென்பது!

கோயில் முன்றிலும் தேரடியும் போதாவோ எனின், போதா என்றே யாம் சொல்வோம். அவை அழகிய இடங்களே. எனினும் எல்லார்க்கும் உரியனவாய் இருந்தவையல்ல. பொது வீதியும் பொதுக் கிணறும் யாவர்க்கும் உரியன என்று சென்னை மாகாணத்தில் 1938-இலும், கோயில் வாயில் யாவர்க்கும் திறக்க வேண்டுமென்று 1947-இலும் சட்டமியற்ற நேர்ந்தது. சட்டம் வந்து ஒரு தலைமுறை கழிந்த பின்னும், 1978 ஜூலையில் விழுப்புரத்தில் ஒடுக்கப்பட்ட மக்கள் பன்னிருவர் கொல்லப்பட்டனர். ஒரு சதுக்கம் அக்கொடுமையைத் தடுத்திருக்கும் என்று கூறோம். ஓரூரில் வாழ்வோர் கொடுக்கல் வாங்கலுக்கன்றி வேறெதற்கும் ஓரிடத்தில் சேர்ந்திருந்து பழகாத ஊரில், பகை எளிதில் மூளும் என்பதை மட்டும் கூறுவோம்.

விழுப்புரத்தினின்று 1879 முதல் புகைவண்டி செல்லும் புதுச்சேரியில், இன்று பாரதி பூங்கா எனப்படும் சதுக்கத்தை நம்மவர் பலர் கண்டிருப்பர். அதன் நடுவே, மூன்றாம் நெப்போலியன் காலத்தில் எழுந்த ஆயி மண்டபம் நிற்கிறது. ஊருக்குக் குளம் வெட்டுவித்த ஒரு தாசியின் பெயரை அரசாங்க மாளிகைக்கெதிரே நிலைநாட்டிய வெண்ணிற மண்டபம் அது. மாலையில் அங்கே முதியோர் அமர்ந்திருப்பதும் சிறுவர் ஓடியாடுவதும் கண்கொள்ளாக் காட்சி. ஆயினும் அச்சதுக்கம் கால்வாய்க்குக் கிழக்கே, வெள்ளையர் குடியிருந்த பாகத்தில், ஆள்வோர் பொருட்டு அமைந்தது. அதன் அழகை ஏற்போம்; இருப்பிடத்தை ஏற்கவேண்டுவதில்லை.

நம் ஊர்கள் நாற்புறமும் மனைப்பிரிவுகளாய்ப் பெருகி வருகின்றன. பெரிய மனைப்பிரிவுகளில் பத்திலொரு பங்கு நிலத்தைத் திறந்த வெளியாக விடல் வேண்டுமென்பது தமிழ்நாட்டு விதி. அப்பங்கு விலைபோகாத மூலையில் ஒதுங்காமல், சேரியார்க்கும் ஊரார்க்கும் ஒத்த தொலைவில், வீதிகள் கூடுமிடத்தில் அமைதல் வேண்டும். நான்கு மரம், கல்லிருக்கை, குடிநீர், பெண்டிர் இருட்டிய பின்னும் அச்சமின்றி அமர்தற்கேற்ற விளக்கு, இவை போதும். நுழைவுச்சீட்டு வேண்டா. நம் கல்லூரி மாணவர் நகராட்சியை அணுகி, இதுகாறும் அங்ஙனம் விடப்பட்ட நிலங்கள் எவை, எங்குள்ளன, இன்று யார் கையில் உள்ளன என்று கேட்டறிந்து, வரைபடத்துடன் சென்று அளந்து பார்ப்பாராயின், அக்கணக்கை அடுத்த ஆண்டு மலரில் வெளியிட இடம் ஒதுக்குவோம்.