பதினோராவது பொருத்தம்

பத்துப் பொருத்தமும் பார்த்துக் கலியாணத்தை நிச்சயிக்கும் நம்மவர், பதினோராவதாக ஒரு பொருத்தத்தையும் ஏட்டில் எழுதாமலே பார்த்து வருகிறார்கள். அதுதான் பல் பொருத்தம். ஜாதகம் கூடிவிட்டது, படிப்பும் குணமும் திருப்தி, தட்டு மாற்ற நாள் பார்க்கலாமென்று பெரியவர்கள் எழுந்திருக்கும் சமயத்தில், மூலையில் உட்கார்ந்திருக்கும் ஓர் அத்தை, "எல்லாம் சரிதான், பொண்ணுக்குப் பல்லுதான் கொஞ்சம் எடுப்பா இருக்கு" என்று ஒரு வார்த்தை போட்டு விடுகிறாள். அவ்வளவுதான், மறு நாள் காலையில் பெண்ணைப் பெற்றவர்கள் திசையன்விளையிலிருந்து திருநெல்வேலிக்கோ நாகர்கோவிலுக்கோ பஸ் ஏறி விடுகிறார்கள். "தை பிறந்தால் முகூர்த்தம், அதற்குள் பல்லை உள்ளே தள்ளிவிட முடியுமா, டாக்டர்?" என்பதே அவர்கள் கேட்கும் முதல் கேள்வி. ஒன்றரை இரண்டு வருஷத்து வேலையை ஒன்றரை மாதத்தில் முடிக்கும் வித்தையை எந்தக் கலாசாலையிலும் கற்றுக் கொடுப்பதில்லை.

இந்தப் பெற்றோரைப் பார்த்து நாம் சிரிக்கப் போவதில்லை. பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக் கொடுப்பவர்களுக்கு இந்த விஷயத்தின் மறுபக்கம் நன்றாகத் தெரியும். வாயைக் கையால் மூடிக்கொண்டு சிரிக்கும் பெண் குழந்தை வகுப்புக்கு ஒன்றாவது இருக்கிறது. எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால், விடை தெரிந்த பையனே தலையைக் குனிந்து கொள்கிறான்; பக்கத்துப் பெஞ்சுக்காரர்கள் அவன் பல்லுக்கு ஒரு பட்டப் பெயர் வைத்திருப்பதே காரணம். கலியாண வயதில் அத்தை சொல்லும் வார்த்தையை அந்தக் குழந்தை பத்து வயதிலிருந்தே கேட்டு வருகிறது. பெற்றோர் காதில்தான் அது தாமதமாக விழுகிறது.

நிற்க, இது வெறும் அழகைப் பற்றிய சங்கதி என்று நினைப்பதும் சரியல்ல. மேல் முன்பற்கள் வெளியே நீட்டிக் கொண்டிருக்கும் குழந்தை ஓடி விளையாடுகையில் தடுக்கி விழுந்தால், முதலில் அடிபடுவது அந்தப் பற்களே. பற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தால் இடுக்கில் தங்கும் அழுக்கைப் பிரஷ்ஷும் எட்டாது, ஆலங்குச்சியும் எட்டாது. சொத்தையும் ஈறு நோயும் அங்கே சுலபமாகக் குடியேறும். ஆயினும், சிறு கோணல் ஒவ்வொன்றும் ஒரு வியாதியல்ல. ஒற்றைத் தெற்றுப் பல்லை அதிர்ஷ்டம் என்று கொண்டாடும் குடும்பங்களும் உண்டு. மெல்லுவதற்கும் பேசுவதற்கும் சுத்தம் செய்வதற்கும் இடைஞ்சல் இல்லாமல், குழந்தையின் மனத்திலும் குறையில்லாமல் இருந்தால், அந்தப் பல்லை அதன் போக்கில் விட்டுவிடுவதால் ஒரு கேடும் வராது.

பல் ஏன் கோணுகிறது? பாதி காரணம் பரம்பரை. தகப்பனாரின் பெரிய பல்லும் தாயாரின் சிறிய தாடையும் ஒரே குழந்தைக்கு வாய்த்தால் இடம் போதாமல் நெருக்கடி ஏற்படுகிறது. மற்றக் காரணங்களில் சில நம் கையில் இருக்கின்றன. நாலைந்து வயதுக்குப் பின்னும் விடாத விரல் சூப்பும் வழக்கம் அவற்றில் ஒன்று. மூக்கடைப்பினால் சதா வாய் வழியே மூச்சு விடுவது மற்றொன்று. ஆனால் நம் வீடுகளில் மிகவும் அசட்டை செய்யப்படுவது பால் பற்களின் சங்கதிதான். "பால் பல்தானே, எப்படியும் விழப் போகிறது" என்று சொத்தையை அப்படியே விட்டு விடுகிறோம். விழுந்த பல்லைச் சாணத்தில் பொதிந்து கூரைமேல் எறிந்து, புதுப் பல் நன்றாக முளைக்க வேண்டுமென்று வேண்டிக் கொள்ளும் நாம், அந்தப் பல் விழ வேண்டிய காலத்துக்கு முன்பே விழுந்துவிட்டதா என்று கவனிப்பதில்லை.

பால் பற்கள் 20. நிலைப் பற்கள் 32. பால் கடைவாய்ப் பற்கள் பத்துப் பன்னிரண்டு வயது வரையில் வாயில் இருந்து, கீழிருந்து வரப்போகும் பல்லுக்கு இடம் பிடித்து வைக்கின்றன. அவை சொத்தையினால் முன்னாடியே போய்விட்டால், பின்னால் உள்ள பல் முன்னே சரிந்து அந்த இடத்தை ஆக்கிரமித்துக் கொள்ளும். பிறகு வரவேண்டிய பல், பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடித்தவன் இறங்கித் திரும்புவதற்குள் இடம் பறிபோன கதையாக, கிடைத்த சந்தில் எட்டிப் பார்க்கும். இதைத் தடுக்க, இடம் காக்கும் சிறு வளையம் ஒன்றைப் பல் வைத்தியர் பொருத்துவார். செலவும் குறைவு, வலியும் இல்லை. இன்னொன்று: ஆறு வயதில், பால் பற்களுக்கெல்லாம் பின்னால், எந்தப் பல்லும் விழாமலே நான்கு கடைவாய்ப் பற்கள் முளைக்கின்றன. அவையும் பால் பல்லென்றே அநேகத் தாய்மார் எண்ணுகிறார்கள். அவை நிலைப் பற்கள். ஆயுள் முழுவதும் வேண்டியவை.

குழந்தையை எப்போது காட்டுவது? ஏழு வயதுக்குள் ஒரு முறை காட்டிவிட வேண்டுமென்பது அமெரிக்கப் பல் சீரமைப்பு வைத்தியர் சங்கத்தின் யோசனை. காட்டுவது என்றால் உடனே கம்பி கட்டுவது என்று அர்த்தமல்ல. பெரும்பாலான குழந்தைகளை, "இன்னும் நாலைந்து வருஷம் போகட்டும்" என்றுதான் திருப்பி அனுப்புவார்கள். மேல் தாடை குறுகி, கடிக்கும்போது கீழ்த் தாடை ஒரு பக்கமாக நகர்ந்தால் அதைச் சிறு வயதிலேயே சரிசெய்வது நல்லது. அண்ணத்தின் நடுவிலுள்ள எலும்பு இணைப்பு பருவம் அடையும் வரையில் இளக்கமாக இருப்பதால், அப்போது தாடையை விரிப்பது சுலபம், பிற்பாடு கடினம். கீழ்த் தாடை பின்தங்கியிருப்பவர்களுக்கு, வேகமாக உயரம் வளரும் பருவத்தில் கழற்றி மாட்டும் சாதனங்கள் உதவும். வெறும் எடுப்புப் பல்லைப் பொறுத்த மட்டில், சிறு வயதில் ஒரு தடவையும் பதின்வயதில் மறு தடவையுமாகச் சிகிச்சை செய்வதால் முடிவான பலன் அதிகப்படுவதில்லை என்றும், முன்பல் அடிபடும் அபாயம் குறைவதே முக்கியமான லாபமென்றும் ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. ஆகவே இரண்டு தடவை பணம் கட்டும்படி சொன்னால், காரணத்தைக் கேட்டுத் தெரிந்து கொள்வது பெற்றோரின் உரிமை.

பல்லுக்குக் கம்பி கட்டுவது நேற்றுப் பிறந்த நாகரிகமல்ல. 1728-ல் பிரான்ஸ் தேசத்துப் பியேர் ஃபோஷார், தகட்டில் பல்லை நூலால் கட்டி இழுக்கும் முறையைத் தம் புத்தகத்தில் விவரித்தார். 1899-ல் அமெரிக்கரான எட்வர்ட் ஆங்கிள், மேலும் கீழும் உள்ள கடைவாய்ப் பற்கள் சேரும் விதத்தைக் கொண்டு கோணல்களை மூன்று வகையாகப் பிரித்தார். இன்றும் வைத்தியர்கள் அந்தக் கணக்கைத்தான் கையாளுகிறார்கள். தத்துவம் எளியது. பல், எலும்பில் அடித்த ஆணியல்ல. மெல்லிய விசையொன்று விடாமல் அதைத் தள்ளினால், தள்ளப்படும் பக்கத்து எலும்பு கரைகிறது. எதிர்ப் பக்கத்தில் புது எலும்பு வளர்கிறது. மாதத்துக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் நகரும். அவசரப்பட்டு முறுக்கினால் வேர் கரையும். நெருக்கம் அதிகமாயிருந்தால், இடம் செய்வதற்காகச் சிறு கடைவாய்ப் பற்களில் இரண்டையோ நான்கையோ எடுக்க நேரலாம். "நல்ல பல்லைப் பிடுங்குகிறாரே" என்று பதற வேண்டியதில்லை. ஏன் எடுக்கிறார், எடுக்காமல் முடியுமா என்று கேட்க மட்டும் தயங்க வேண்டாம்.

கம்பி கட்டிய பின்புதான் வீட்டாரின் சோதனை ஆரம்பமாகிறது. நம் தேரிக்காட்டுப் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சில்லுக் கருப்பட்டியும் பனங்கிழங்கும் கடலை மிட்டாயும் இல்லாமல் ஒரு நாள் போகுமா? கடித்தால் கம்பி பெயரும். ஒட்டினால் பல் அரிக்கும். நுங்கையும் பழத்தையும் தாராளமாகக் கொடுக்கலாம். சாப்பிட்டவுடன் பல் தேய்க்காத பிள்ளைக்குக் கம்பியைக் கழற்றும் நாளில் வரிசையான பற்களும், அவற்றின்மேல் வெள்ளை வெள்ளையாய் அரிப்புத் தழும்புகளும் சேர்ந்தே கிடைக்கும். கம்பி எடுத்ததும் எல்லாம் முடிந்துவிட்டது என்பதும் தவறு. நகர்ந்த பல் பழைய இடத்தையே நாடும். அதைத் தடுத்து நிறுத்தும் சாதனத்தை வைத்தியர் சொன்னபடி நெடுங்காலம் அணியாவிட்டால், செலவழித்த பணமும் காலமும் வீணே.

"எங்களுக்கு வயதாகி விட்டது, இனி என்ன?" என்போருக்கும் ஒரு வார்த்தை. பல் எந்த வயதிலும் நகரும். நாற்பது வயதுக்காரரும் கம்பி கட்டிக் கொள்ளலாம். ஆனால் ஈறும் எலும்பும் ஆரோக்கியமாயிருக்க வேண்டும். நீரிழிவு கட்டுக்குள் இருக்க வேண்டும். வெற்றிலை புகையிலையை விட்டொழிக்க வேண்டும். வளர்ச்சி நின்றவர்களுக்குத் தாடை எலும்பே கோணலாயிருந்தால், கம்பி மட்டும் போதாது. சஸ்திர சிகிச்சையும் தேவைப்படும்.

கம்பி வெளியே தெரியக் கூடாது என்பவர்களுக்காகக் கண்ணாடிபோன்ற உறைகள் வந்திருக்கின்றன. 1997-ல் அமெரிக்காவில் தொடங்கிய ஒரு கம்பெனி இவற்றைப் பரப்பியது. நாளொன்றுக்கு 22 மணி நேரம் மாட்டியிருக்க வேண்டும், மறதிக்காரருக்குப் பயன்படாது, செலவு லட்சத்தைத் தாண்டுவதும் உண்டு. வைத்தியரைப் பாராமல் தபாலிலேயே உறைகளை அனுப்பி வந்த ஸ்மைல் டைரக்ட் கிளப் என்ற அமெரிக்கக் கம்பெனி, 2023 டிஸம்பரில் கடையைக் கட்டிவிட்டது. பாதிச் சிகிச்சையில் இருந்தவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். நம் ஊர்ப் பக்கத்திலும், பதினைந்தே நாளில் வரிசை செய்வதாகச் சொல்லி, நல்ல பற்களை அராவி உறை மாட்டுவோர் இருக்கிறார்கள். அராவிய பல் மறுபடி வளராது. முகூர்த்த அவசரத்தில் இருப்பவர்களே இவர்களிடம் அகப்படுகிறார்கள்.

இனிச் செலவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கம்பி கட்டுவதற்குச் சில பத்தாயிரம் ரூபாய் ஆகிறது. பீடி சுற்றும் தாயாருக்கும் பனையேறும் தகப்பனாருக்கும் அது எட்டாக் கனி. கல்கத்தாவில் டாக்டர் ரஃபியுத்தீன் அகமது 1920-ல் இந்தியாவின் முதல் பல் வைத்தியக் கலாசாலையை நிறுவி, 1949-ல் அதைச் சர்க்காருக்கே தானமாக வழங்கினார். சென்னையில் 1953-ல் சர்க்கார் பல் வைத்தியக் கல்வி தொடங்கியது. 2023-ல் புதுக்கோட்டையிலும் சர்க்கார் கலாசாலை திறந்தார்கள். தென்கோடியில் உள்ள நமக்கு இவை யாவும் தூரம். பக்கத்தில் காவல்கிணற்றில் தனியார் பல் வைத்தியக் கலாசாலை ஒன்று உண்டு. பொதுவாகக் கலாசாலை ஆஸ்பத்திரிகளில், ஆசிரியர்களின் மேற்பார்வையில் மாணவர்கள் சிகிச்சை செய்வதால் கட்டணம் குறைவு. காத்திருக்கும் பொறுமைதான் வேண்டும்.

2013 முதல் மத்திய சர்க்காரின் திட்டப்படி வைத்தியக் குழுக்கள் பள்ளிக்கூடங்களுக்கு வந்து பிள்ளைகளைப் பரிசோதித்து வருகின்றன. பற்களும் அதில் சேர்ந்தவை. உதடு, அண்ணம் பிளந்து பிறந்த குழந்தைகளுக்கும் அந்தத் திட்டத்தில் வழியுண்டு. அந்தக் குழந்தைகளுக்கு ஆப்பரேஷனோடு பல் சீரமைப்பும் அவசியமாகிறது. பரிசோதனை நாளில் பிள்ளையை விடுமுறை எடுக்கவிடாமல் அனுப்பி வைப்பதும், குழு எழுதிக் கொடுத்த சீட்டைப் பெட்டியில் பூட்டி வைக்காமல் உரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்வதும் பெற்றோரின் பொறுப்பு. ஜில்லாவுக்கு ஒரு பல் சீரமைப்பு நிபுணரையாவது பொது ஆஸ்பத்திரியில் அமர்த்தி, ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசமாகச் சிகிச்சை செய்விப்பது சர்க்காரின் பொறுப்பு. பணமுள்ள வீட்டுப் பிள்ளை மட்டும் வாய் திறந்து சிரிப்பதும், இல்லாத வீட்டுப் பிள்ளை வாயை மூடிக்கொள்வதும் ஒரே வகுப்பில் நடக்கக் கூடாது.

நேயர்களுக்கு நாம் சொல்வது இதுதான். பெண்ணின் பல்லைப் பெண் பார்க்க வருகிறவர்கள் பார்ப்பதற்குப் பத்துப் பதினைந்து வருஷம் முன்னதாகவே பெற்றவர்கள் பார்த்துவிட வேண்டும். பிள்ளையின் பல்லையும் அப்படியே. குழந்தையின் ஏழாவது பிறந்த நாளில் புதுச் சட்டை எடுக்கிறோம், பாயசம் வைக்கிறோம். அந்த வாரத்திலேயே ஒரு முறை பல் வைத்தியரிடமும் அழைத்துப் போய், வாயைத் திறந்து காட்டச் சொல்வோமாக.