ஆம்பிளை சேலை கட்டினா கைத்தட்டு... திருநங்கை ஆட வந்தா? தஞ்சை மேடைகளின் இரட்டை வேஷம்!

தஞ்சாவூர்: சதய விழா, நாட்டியாஞ்சலி என்று வருஷம் பூரா சலங்கை சத்தம் கேட்கும் ஊர் தஞ்சை. இந்த மேடைகளில் திருநங்கைகளுக்கு எவ்வளவு இடம் என்று கேட்டால் மட்டும் பதில் இழுக்கிறது.

ஆண்கள் பெண் வேஷம் கட்டுவது நம்ம பக்கம் புதுசா என்ன? பக்கத்திலேயே இருக்கிறது மெலட்டூர். அங்கே நரசிம்ம ஜெயந்தியை ஒட்டி நடக்கும் பாகவத மேளாவில் பிரகலாதனின் தாய் லீலாவதியாக வருவது ஆண்தான். ஜனங்கள் ராத்திரி முழுக்க உட்கார்ந்து பார்க்கிறார்கள், பக்தியோடு கும்பிடுகிறார்கள். யாரும் முகம் சுளிப்பதில்லை.

வேஷம் கலைந்ததும் அவர் ஆண். அதனால் பிரச்னை இல்லை. வேஷமே போடாமல் பெண்ணாக வாழ வந்தவர்கள் பாடுதான் திண்டாட்டம்.

மதுரையில் பிறந்த நர்த்தகி நடராஜ், வைஜயந்திமாலாவுக்கு நாட்டியம் சொல்லிக் கொடுத்த குருவிடமே படிக்க வேண்டும் என்று தேடி வந்தது தஞ்சைக்குத்தான். குரு கே.பி.கிட்டப்பா பிள்ளை, தஞ்சை நால்வர் பரம்பரை. உடனே சேர்த்துக் கொள்ளவில்லை, காக்க வைத்தார். ஆனால் சேர்த்த பிறகு ஒளிவு மறைவில்லாமல் கற்றுக் கொடுத்தார். 'நர்த்தகி' என்ற பெயரும் அவர் வைத்ததுதான். 1999-ல் குரு மறையும் வரை குருகுலவாசம் மாதிரி கூடவே இருந்தார் சிஷ்யை. 2019-ல் பத்மஸ்ரீ. அந்த விருதைப் பெற்ற முதல் திருநங்கை அவர்தான்.

இதைச் சொல்லி தஞ்சாவூர்க்காரர்கள் காலரைத் தூக்கி விட்டுக் கொள்ளலாம். அதுக்கு முன்னாடி இன்னொரு கதையையும் கேட்கணும்.

லிவிங் ஸ்மைல் வித்யா. தஞ்சை தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் மொழியியல் எம்.ஏ. படித்தவர். நாடகப் பேராசிரியர் மு.ராமசாமியின் பழக்கத்தில் நாடகமும் பிடித்துப் போனது. அப்புறம்? புனே ரயில்களில் கைநீட்டிப் பிழைத்ததை 'நான் வித்யா' புத்தகத்தில் அவரே எழுதியிருக்கிறார்.

அந்தப் புத்தகம் கன்னடத்தில் 'நானு அவனல்ல அவளு' என்று படமானது. வித்யா வேஷத்தில் நடித்தவர் சஞ்சாரி விஜய் என்ற ஆண் நடிகர். அவருக்கு 2015-ல் சிறந்த நடிகருக்கான தேசிய விருதும் அறிவிக்கப்பட்டது. மறைந்த விஜய் நன்றாகவே நடித்தார், அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் இது மெலட்டூர் கதைதானே! வேஷம் போட்டவருக்கு விருது. வாழ்ந்து காட்டியவரோ 2014-ல் நண்பர்களோடு சேர்ந்து 'பன்மை' நாடகக் குழுவைத் தானே ஆரம்பிக்க வேண்டியிருந்தது. அதுவும் சென்னையில். பிறகு நாட்டை விட்டே போய் சுவிட்சர்லாந்தில் குடியேறினார்.

பெண்கள் சொந்த மேடை போடுவதை டெல்டா ஒரு காலத்தில் பார்த்திருக்கிறது. நூறு வருஷத்துக்கு முன்பே கும்பகோணத்தில் பாலாமணி அம்மாள் முழுக்கப் பெண்களை வைத்து நாடகக் கம்பெனி நடத்தினார். ஆண் வேஷமும் பெண்களே கட்டினார்கள். அந்த நாடகத்துக்குக் கூட்டம் தாங்காமல் தனி ரயிலே விட்டார்கள் என்பார்கள் பழைய ஆட்கள்.

திருநங்கைகளுக்கு ரயிலெல்லாம் வேண்டாம். தென்னகப் பண்பாட்டு மையத்தின் தலைமையிடம் நம்ம ஊரில்தான் இருக்கிறது. சதய விழாவும் வருஷா வருஷம் நடக்கிறது. திருநங்கைகள் தாங்களே எழுதி நடிக்கும் நாடகத்துக்கு அதில் ஒரு ராத்திரி, மற்ற கலைஞர்களுக்குத் தரும் அதே சம்பளத்தோடு ஒதுக்கினால் என்ன?